படத்தைப் பார்த்தார்கள், பெயரைப் பார்க்கவில்லை!

செங்கோட்டையில் சுதந்திரக் கொடி ஏறும் படம். கையிலிருந்து புறாவைப் பறக்க விடும் நேருவின் படம். தேசப் பிரிவினைக்குச் சம்மதம் என்று காங்கிரஸ் தலைவர்கள் கை தூக்கும் படம்.

இந்தப் படங்களைப் புத்தகத்திலோ பத்திரிகையிலோ கண்டவர்கள் ஏராளம். இவற்றை எடுத்தவர் யார் என்று தெரிந்தவர்கள் மிகவும் சிலர்.

எடுத்தவர் ஒரு பெண்!

பெயர், ஹோமாய் வியாரவாலா. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர்.

ஒரு பெண் உழைத்தால் மட்டும் போதாது. அந்த உழைப்பின் மேல் அவள் பெயரும் இருக்க வேண்டும். இருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த அம்மையாரின் வாழ்க்கையே சாட்சி.

நாடகக்காரர் மகள்

ஹோமாய் 1913-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி பிறந்தார். ஊர், குஜராத்தில் உள்ள நவ்சாரி. குடும்பம், பார்சிக் குடும்பம்.

தந்தை நாடக நடிகர். அந்தக் காலத்துப் பார்சி நாடகக் கம்பெனிகள் மூட்டை முடிச்சுகளோடு ஊர் ஊராகப் போய் நாடகம் போடும். பளபளக்கும் திரைகளும் பெரிய பெரிய சீன்களும் வைத்து ஜனங்களைப் பிரமிக்க வைக்கும். தமிழ் நாடக மேடைக்கும் அந்த ஜோடனைகளைக் கற்றுக் கொடுத்ததில் பார்சிக் கம்பெனிகளுக்குப் பங்கு உண்டு.

பெயர் பெரிது, வருமானம் சிறிது. நாடகக்காரர் வீட்டு நிலைமை எங்கேயும் அதுதானே!

ஆனாலும் மகளைப் படிக்க வைத்தார்கள். பெண்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. ஹோமாய் பள்ளிப் படிப்பை முடித்தார். பம்பாய் செயிண்ட் சேவியர் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். பிறகு ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்து சித்திரம் கற்றார்.

1926-ம் ஆண்டு, 13 வயதில், மானெக்‌ஷா வியாரவாலா என்ற இளைஞரைச் சந்தித்தார். மானெக்‌ஷாவுக்குப் புகைப்படத்தில் பைத்தியம். காமிராவைப் பிடிப்பது எப்படி, வெளிச்சத்தைக் கணக்கிடுவது எப்படி, இருட்டறையில் படத்தைக் கழுவி எடுப்பது எப்படி என்று எல்லாவற்றையும் ஹோமாய்க்குச் சொல்லிக் கொடுத்தார். 1941-ல் இருவரும் திருமணம் செய்து கொண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காமிரா என்பது அன்று விலை உயர்ந்த சாமான். "பெண் கையில் கொடுத்தால் உடைத்து விடுவாளே!" என்று மானெக்‌ஷா பயப்படவில்லை. "இது ஆண்கள் தொழில், நீ தள்ளி நில்" என்றும் சொல்லவில்லை. கருவியைக் கையில் கொடுத்தார், கற்றுக் கொடுத்தார். பாதி வெற்றி அங்கேயே கிடைத்து விட்டது.

திரைக்குள்ளிருந்து தெருவுக்கு

அதற்கு முன் இந்தியப் பெண்கள் காமிராவைத் தொட்டதே இல்லையா? தொட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கே?

பர்தா அணியும் பெண்கள் ஆண் புகைப்படக்காரர் முன்னால் வந்து உட்கார மாட்டார்கள். அதற்காகவே ஐதராபாத் சமஸ்தானத்தில் ராஜா தீன் தயாள் என்ற பிரபல புகைப்படக்காரர் 1892-ல் தனி ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தார். அதை நடத்தியது ஓர் ஆங்கிலேய மாது. வங்காளத்தில் அன்னபூர்ணா தத்தா என்ற பெண்மணியும் புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டு சம்பாதித்தார்.

நாலு சுவருக்குள் பெண்ணைப் பெண் படம் எடுக்கலாம். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பிரதம மந்திரிக்கு முன்னால், ஆயிரம் ஆண்கள் கூடிய கூட்டத்தில், போலீஸ்காரர்களையும் தாண்டி நின்று ஒரு பெண் படம் எடுப்பதா? அதைத்தான் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஹோமாய் அம்மையார் அதைச் செய்து காட்டினார்.

ஒரு படம், ஒரு ரூபாய்!

1938-ம் ஆண்டு. பம்பாயில் மாதர் சங்கம் ஒன்று உல்லாசப் பயணம் போயிற்று. அந்தப் பெண்களை ஹோமாய் படம் பிடித்தார். 'பாம்பே கிரானிக்கிள்' பத்திரிகை அந்தப் படங்களை வெளியிட்டது. கூலி, படத்துக்கு ஒரு ரூபாய்.

அதுதான் தொடக்கம். பிறகு 'இல்லஸ்டிரேட்டட் வீக்லி' பத்திரிகையிலும் படங்கள் வந்தன. இரண்டாவது உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. யுத்த காலத்துப் பம்பாய் வாழ்க்கையை, அதிலும் பெண்கள் செய்த வேலைகளை, ஹோமாய் படம் படமாக எடுத்துத் தந்தார்.

ஆனால் அந்தப் படங்களின் அடியில் இருந்த பெயர் ஹோமாய் அல்ல!

ஆரம்ப காலத்தில் அவர் எடுத்த பல படங்கள் மானெக்‌ஷாவின் பெயரில் வெளியாயின. காரணம் என்ன? ஹோமாய் பெயரை யாருக்கும் தெரியாது. அதோடு, அவர் பெண். பெண் எடுத்த படம் என்றால் மதிப்பு இராது என்ற எண்ணம்.

படம் எடுத்தது அவர் கண். பட்டனை அழுத்தியது அவர் விரல். வெயிலில் நின்றது அவர் கால். பெயர் மட்டும் வேறொருவர் பெயர்!

யார் மேல் குற்றம்?

"கணவன், மனைவி இருவரும் ஒரே குடும்பம். யார் பெயரில் வந்தால் என்ன? பணம் ஒரே வீட்டுக்குத்தானே போகிறது?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வியில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அது நிற்காது.

வயலில் நாற்று நடுகிறவள் பெண். களை எடுக்கிறவள் பெண். பட்டா யார் பெயரில் இருக்கிறது? தறியில் கணவன் உட்கார்ந்தால், நூல் சுற்றிக் கொடுக்கிறவள் மனைவி. நெசவாளி என்று யாரைச் சொல்கிறார்கள்? கடையில் பாதி நாள் கல்லாவில் உட்காருகிறவள் மனைவி. போர்டில் யார் பெயர் எழுதியிருக்கிறது?

குடும்பம் நன்றாக இருக்கும் வரை இதனால் கஷ்டம் தெரிவதில்லை. கணவன் இறந்து விட்டால்? அல்லது விட்டு விட்டுப் போய் விட்டால்? அன்றைக்குத்தான் பெயரின் அருமை தெரியும். 20 ஆண்டு உழைத்தவளுக்கு, உழைத்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இராது.

கைநாட்டு வைத்துக் கொண்டிருந்தவர் முதன் முதலாகத் தம் பெயரைக் கையெழுத்தாகப் போடும்போது எவ்வளவு சந்தோஷப்படுகிறார்! எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டவர்களுக்கு அது தெரியும். பெயர் என்பது வெறும் எழுத்து அல்ல. "இதற்கு நான் பொறுப்பு, இது என்னுடையது" என்ற வாக்கு.

அப்படியானால் மானெக்‌ஷா மேல் குற்றமா? இல்லை. அவர் பெயர் இல்லாவிட்டால் அந்தப் படங்கள் வெளி வந்திருப்பதே சந்தேகம். அவர் மனைவியின் புகழைத் திருடவில்லை. பூட்டியிருந்த கதவைத் திறக்கத் தம் பெயரைச் சாவியாகக் கொடுத்தார். குற்றம், கதவைப் பூட்டி வைத்தவர்களுடையது. படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல், எடுத்தது ஆணா பெண்ணா என்று பார்த்த காலத்தினுடையது.

டெல்லியில் சேலை கட்டிய போட்டோக்காரர்

1942-ல் தம்பதிகள் டெல்லிக்கு வந்தார்கள். பிரிட்டிஷ் தகவல் இலாகாவில் ஹோமாய்க்கு வேலை கிடைத்தது. வேலை நேரம் போக, பத்திரிகைகளுக்கும் படம் எடுத்துக் கொடுக்கலாம் என்று அனுமதியும் கிடைத்தது.

சேலை கட்டிய ஒரு பெண், தோளில் காமிரா மாட்டிக் கொண்டு, சைக்கிளில் டெல்லித் தெருக்களில் போவார். பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இந்த அம்மாள் ஏதோ விளையாட்டுக்குக் காமிராவை வைத்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அதனால் தடுக்காமல் விட்டு விட்டார்கள்! மற்றவர்களின் அலட்சியமே பல இடங்களில் தமக்கு வழி விட்டது என்று பின்னாளில் அவரே சிரித்துக் கொண்டு சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்துக் காமிரா இன்றைய கைப்பேசி போன்றது அல்ல. அவர் உபயோகித்தவற்றில் ஒன்று 'ஸ்பீடு கிராபிக்'. பெரிய பெட்டி போல இருக்கும். இரண்டரைக் கிலோ அளவுக்குக் கனம். 4 அங்குல அகலம், 5 அங்குல நீளம் உள்ள தனித் தனி பிலிம் தகடுகளை அதில் செருக வேண்டும். ஒரு சட்டத்தில் இரண்டே பிலிம். ஒரு படம் எடுத்ததும் சட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். அடுத்ததும் முடிந்தால் வேறு சட்டம் மாற்ற வேண்டும்.

இரவில் என்றால் பிளாஷ் பல்பு வேண்டும். ஒரு பல்பு ஒரு தடவைதான் எரியும். எரிந்ததும் கழற்றி எறிந்து விட்டு வேறு பல்பு மாட்ட வேண்டும்.

இன்னொன்று 'ரோலிபிளெக்ஸ்'. இடுப்பு உயரத்தில் வைத்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்கும் காமிரா. ஒரு சுருளுக்கு 12 படம்.

படம் நன்றாக விழுந்ததா என்று உடனே பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்து, இருட்டறையில் மருந்து நீரில் போட்டுக் கழுவினால்தான் தெரியும். தப்பிப் போனால் போனதுதான். கொடி ஏற்றிய தலைவரை, "இன்னொரு தடவை ஏற்றுங்கள்" என்று கேட்க முடியுமா?

ஆகவே கண் கூர்மையாக இருக்க வேண்டும். மனம் நிதானமாக இருக்க வேண்டும். எப்போது அழுத்த வேண்டும் என்பதைவிட, எப்போது அழுத்தக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஹோமாய்க்குத் தெரிந்திருந்தது.

கண் முன்னே சரித்திரம்

1947 ஜூன் மாதம். நாட்டை இரண்டாகப் பிரிக்கும் திட்டத்தைக் காங்கிரஸ் தலைவர்கள் ஏற்றுக் கொண்டார்கள். கைகள் உயர்ந்தன. அந்தக் கைகளை ஹோமாயின் காமிரா பிடித்தது. எத்தனை குடும்பங்களின் தலையெழுத்து அந்தக் கைகளில் இருந்தது என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கும்.

1947 ஆகஸ்டு 16-ந் தேதி செங்கோட்டையில் நேரு கொடி ஏற்றினார். அங்கும் ஹோமாய் இருந்தார். 1948 ஜூன் மாதம் மவுண்ட்பேட்டன் பிரபு விடைபெற்றுப் புறப்பட்டார். அவர் இடத்தில் கவர்னர் ஜெனரலாக ராஜாஜி அமர்ந்தார். மவுண்ட்பேட்டன் விடைபெற்ற காட்சியும் ஹோமாயின் படத்தில் இருக்கிறது.

1956-ல் இளம் வயது தலாய் லாமா நாதுலா கணவாய் வழியாக சிக்கிமுக்குள் வந்தார். அமெரிக்காவின் 'லைப்' பத்திரிகைக்காக ஹோமாய் அங்கே போய்ப் படம் பிடித்தார். வீட்டில் சிறு வயது மகன் இருக்க, இமயமலைச் சாரலுக்குப் போய் வேலை செய்தார் ஒரு தாய்!

வியட்நாம் தலைவர் ஹோ சி மின் வந்தார். இங்கிலாந்து ராணி எலிசபெத் வந்தார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலின் வந்தார். யார் வந்தாலும் ஹோமாயின் காமிரா அங்கே இருந்தது.

அவர் அதிகமாக விரும்பிப் படம் எடுத்தது நேருவைத்தான். பாலம் விமான நிலையத்தில் எடுத்த ஒரு படம் உண்டு. "புகைப்படம் எடுக்கக் கூடாது" என்று அறிவிப்புப் பலகை. அதற்குப் பக்கத்திலேயே நேரு! அந்தக் குறும்பு எல்லோருக்கும் வராது. தங்கை விஜயலட்சுமி பண்டிட்டை நேரு கட்டித் தழுவி வரவேற்கும் படமும் பிரசித்தம். பெரிய தலைவர் என்பது போய், ஒரு வீட்டு அண்ணன் அதில் தெரிவார்.

1964 மே மாதம் நேரு மறைந்தார். மற்றப் புகைப்படக்காரர்கள் பார்க்காதபடி முகத்தை மறைத்துக் கொண்டு அழுதாராம் ஹோமாய். ஆனாலும் கடைசிப் பயணத்தைப் படம் எடுத்தார். அழுகை ஒரு பக்கம். கடமை ஒரு பக்கம்.

தவறிப் போன ஒரு நாள்

அவர் வாழ்நாள் முழுவதும் வருந்திய ஒரு விஷயம் உண்டு.

1948 ஜனவரி 30. காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போக ஹோமாய் புறப்பட்டார். மானெக்‌ஷா தடுத்தார். "நாளைக்கு இருவரும் சேர்ந்து போகலாம்" என்றார். ஹோமாய் திரும்பி விட்டார்.

அன்று மாலைதான் மகாத்மா சுடப்பட்டார்.

இதை வைத்து, கணவர் கெடுத்து விட்டார் என்று சொல்லலாமா? கூடாது. எந்த நாள் எப்படி முடியும் என்று யாருக்குத் தெரியும்? மறு நாள் இருவரும் சேர்ந்து போகலாம் என்று சொன்ன கணவர் அவர். மனைவியின் வேலையைத் தம் வேலை போலவே மதித்தவர். காந்தியடிகளின் இறுதிச் சடங்கை ஹோமாய் படம் எடுத்தார். முந்திய நாள் தவறியதை மட்டும் அவர் மறக்கவே இல்லை. தொழிலை உயிராக நினைப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

டால்டா 13

அம்மையாருக்கு ஒரு புனைபெயர் உண்டு. 'டால்டா 13'!

சமையல் டப்பா ஞாபகம் வருகிறதா? சமையலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் பிறந்தது 1913. கணவரைச் சந்தித்தது 13 வயதில். முதலில் வாங்கிய காரின் நம்பர் டி.எல்.டி. 13. எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் டால்டா! பலர் 13-ஐ ராசி இல்லாத எண் என்று ஒதுக்குவார்கள். அவர் அதையே தமக்குப் பெயராக வைத்துக் கொண்டார்.

இங்கேதான் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கணவர் பெயரில் படம் வந்தது, பெயரை மறைத்தது. டால்டா 13 என்பது, தாமே விரும்பி வைத்துக் கொண்டது. பிறர் மூடிய முகமூடி வேறு; தானே அணிந்த நகை வேறு. பெண்ணுக்கு வேண்டியது அந்த உரிமைதான். எந்தப் பெயரில் அறியப்பட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவள் அவளே.

காமிராவைக் கீழே வைத்தார்

1969-ல் மானெக்‌ஷா காலமானார். அடுத்த ஆண்டு, 1970-ல், ஹோமாய் புகைப்படத் தொழிலையே விட்டு விட்டார்.

வயதானதாலா? இல்லை. கண் மங்கியதாலா? அதுவும் இல்லை. புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் நடத்தை அவருக்குப் பிடிக்கவில்லை. இடித்துத் தள்ளுவது, மரியாதை இல்லாமல் நடப்பது, தலைவர்களை அசிங்கமான நிலையில் படம் எடுக்கத் துடிப்பது! அவர் பழகிய தொழிலில் ஒழுங்கு இருந்தது. அது போய் விட்டது என்று கண்டார். காமிராவைக் கீழே வைத்தார். பிறகு 40 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தும் தொழிலுக்குத் திரும்பவில்லை.

"இது பிடிவாதம். அவர் நின்று போராடியிருக்க வேண்டும். எத்தனை நல்ல படங்கள் நாட்டுக்குக் கிடைக்காமல் போயின!" என்று சொல்பவர்கள் உண்டு.

நஷ்டம் உண்மை. ஆனால் அந்த நஷ்டத்துக்கு அவரைக் கேட்பது முறை அல்ல. 30 ஆண்டுகளுக்கு மேல், ஆண்களே நிறைந்த கூட்டத்தில், ஒற்றை ஆளாக நின்று வேலை செய்தவர் அவர். மரியாதை இல்லாத இடத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நல்ல தொழிலாளி வெளியேறினால், "ஏன் போனாய்?" என்று அவரைக் கேட்பதற்கு முன், "ஏன் போக வைத்தோம்?" என்று தொழில் தன்னைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

இன்றும் எத்தனையோ பெண்கள் வேலையை விட்டு விடுகிறார்கள். கேட்டால், "குடும்பத்தைக் கவனிக்க" என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், பல இடங்களில் காரணம் வேறாக இருக்கும். கேலிப் பேச்சு, இடி, அவமரியாதை! அதைச் சரி செய்யாமல், பெண்கள் வேலைக்கு வருவதில்லை என்று குறைப்படுவதில் என்ன பயன்?

நாடு மறந்தது

தொழிலை விட்ட அம்மையார் ராஜஸ்தானில் உள்ள பிலானியில் மகனோடு இருந்தார். பிறகு குஜராத்தில் பரோடா நகருக்கு வந்தார். 1989-ல் மகனும் புற்றுநோயால் இறந்து போனார். அதன் பின் தனி வாழ்க்கை.

தனியாக இருந்தாரே தவிர, யாரையும் எதிர்பார்த்து இருக்கவில்லை. சமையல் தாமே. தோட்டம் தாமே. வீட்டில் தச்சு வேலை கூடத் தாமே! 90 வயது கடந்த பிறகும் தாமே கார் ஓட்டினார்.

படங்கள் மட்டும் ஊரெல்லாம் உலாவின. எடுத்தவரை நாடு மறந்தது!

சபீனா கடிஹோக் என்ற பெண் அவரைத் தேடிப் போனார். 1998-ல் மூன்று பெண் புகைப்படக்காரர்களைப் பற்றி அவர் எடுத்த படத்தில் ஹோமாயும் ஒருவர். 2006-ல் ஹோமாயின் வரலாற்றையே பெரிய புத்தகமாக வெளியிட்டார். அதன் பிறகுதான் பலருக்கும் விஷயம் தெரிந்தது. ஒரு பெண்ணின் பெயரை மீட்டுக் கொடுக்க இன்னொரு பெண் வர வேண்டியிருந்தது.

தம் படச் செல்வத்தை டெல்லி அல்காஜி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார் அம்மையார். 2010-ல் தேசிய நவீனக் கலைக் கூடம் அவர் படங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்தது. 2011-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. பாரத ரத்னாவுக்கு அடுத்த பெரிய விருது அது. அப்போது அவருக்கு வயது 97! மறு ஆண்டு, 2012 ஜனவரி 15-ந் தேதி, பரோடாவில் கண் மூடினார்.

விருது கொடுத்தது நல்லதுதான். ஆனால் தொழிலை விட்டு 40 ஆண்டுகள் கழித்தா கொடுக்க வேண்டும்? உழைக்கும் காலத்தில் படத்துக்கு அடியில் ஒரு வரி பெயர் போடுவது, கடைசிக் காலத்தில் கொடுக்கும் தங்கப் பதக்கத்தை விட மேல். அதற்குச் செலவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1957-ல் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. புகைப்படமும் ஒரு கலைப் படைப்பு என்று அது சொல்கிறது. படத்தை எடுத்தவர்தான் அதன் கர்த்தா. படத்தின் உரிமையை விற்று விட்டாலும், "இதை எடுத்தது நான்" என்று சொல்லிக் கொள்ளும் உரிமை எடுத்தவரை விட்டுப் போகாது. சட்டத்தின் 57-வது பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

சட்டம் இருக்கிறது. பழக்கம்தான் இல்லை. கல்யாண வீட்டில் படம் எடுக்கிற பெண்ணிலிருந்து பத்திரிகையில் வேலை செய்கிற பெண் வரை, இந்த உரிமை எல்லோருக்கும் உண்டு. தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்; கேட்டு வாங்க வேண்டும். படத்தை வெளியிடுகிறவர்களும், கேட்கும் வரை காத்திராமல் தாங்களே பெயரைப் போட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

ஹோமாய் அம்மையாரைப் புகழ்ந்து விட்டுப் போவது எளிது. அவர் வாழ்க்கையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியவை மூன்று.

முதலாவது, கருவியைப் பெண் கையில் கொடுக்க வேண்டும். காமிராவாக இருக்கலாம், தையல் மிஷினாக இருக்கலாம், கம்ப்யூட்டராக இருக்கலாம், டிராக்டராகவும் இருக்கலாம். "உடைத்து விடுவாள்" என்று பயந்தால் கற்றுக் கொள்வது எப்படி? ஆண் பிள்ளையும் உடைத்துத்தானே கற்றுக் கொள்கிறான்!

இரண்டாவது, கற்ற தொழிலைச் செய்ய வெளியே விட வேண்டும். நாலு சுவருக்குள் கற்றது நாலு சுவருக்குள்ளேயே கிடந்தால் துருப் பிடிக்கும். துணைக்கு ஆள் வேண்டும் என்றால், மானெக்‌ஷாவைப் போலத் துணையாக இருக்க வேண்டும், காவலாக அல்ல.

மூன்றாவது, உழைத்தவள் பெயரை எழுத வேண்டும். பட்டாவில், பாஸ் புத்தகத்தில், கடைப் போர்டில், சங்க உறுப்பினர் பட்டியலில், பில் புத்தகத்தில். கணவன் பெயருக்குப் பக்கத்தில் மனைவி பெயரையும் எழுதினால் போர்டு உடைந்து விடாது!

2017 டிசம்பர் 9-ந் தேதி, ஹோமாயின் பிறந்த நாள் அன்று, கூகிள் நிறுவனம் தன் முகப்பில் அவரைச் சித்திரமாகப் போட்டுக் கொண்டாடியது. 1938-ல் படத்துக்கு ஒரு ரூபாய் வாங்கியவரை, தம் பெயரைப் போட முடியாமல் இருந்தவரை, அன்று உலகம் பெயர் சொல்லி அழைத்தது.

அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. உயிரோடு இருந்து உழைத்துக் கொண்டிருக்கும் பெண்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுத இன்றைக்கே ஒரு பேனா போதும்.